கண்ணில் விட்டது நெஞ்சில் இறங்கியது

கோடுகள் தேய்ந்துவிட்டன என்றுதான் முதலில் நினைத்தேன்.

போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. வேதியியல் படித்திருந்தேன். விற்க வந்த காயில் ஈரம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இடித்த காயை ஒரு கரைப்பானோடு சேர்த்துக் காய்ச்சினால், அதிலிருக்கும் நீர் ஆவியாகிக் குளிர்ந்து, கோடு பொறித்த மெல்லிய கண்ணாடிக் குழாயில் வந்து நிற்கும். நீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் ஈரத்தின் அளவு. குழாயைக் கண் மட்டத்துக்கு வைத்து, இடக் கண்ணை மூடிக்கொண்டு வலக் கண்ணால் படிப்பது என் பழக்கம்.

அன்று நீர்மட்டத்தைப் பார்த்தபோது அதற்கு மேலே இருக்க வேண்டிய கோடுகள் இல்லை. கண்ணாடியைத் துடைத்தேன். அப்போதும் இல்லை. வேறு குழாயை மாட்டினேன். அதிலும் இல்லை. கடைசியில் வலக் கண்ணை மூடி இடக் கண்ணால் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் இருந்தன.

வலி இல்லை. சிவப்பு இல்லை. இரு கண்ணையும் திறந்தால் உலகம் முழுதாகத்தான் இருந்தது. ஒரு கண் விட்டதை மற்றது நிரப்பிவிடும் என்பதால், இந்த நோய் வந்தவர்கள் பலர் நெடுநாள் அறிவதில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு அப்போது திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

அம்மாவும் நானும் பஸ் ஏறி மதுரைக்கு ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். தாழ்வாரத்துப் பெஞ்சில் எங்கள் அருகே, போடிக்குப் பக்கத்து ஊரான சிலமலையைச் சேர்ந்த ஓர் அம்மாள் இருந்தார். மாமியாரின் கண்ணில் புரை நீக்க வந்தவர். அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார்.

“நீங்க போடியில்ல? பொண்ணுக்கா கண்ணு?”

“சும்மாதான். கண்ணாடி போடணுமான்னு பாக்க வந்தோம்.”

“கண்ணாடின்னா மாப்ள வீட்ல யோசிப்பாகளே ஆத்தா. கல்யாணத்துக்குப் பெறகு போட்டாப் போச்சு.”

அம்மா சிரித்து வைத்தார். அதற்குப் பிறகு அம்மாவின் பார்வை பெஞ்சு முழுவதையும் கவனித்துக்கொண்டே இருந்தது.

அந்த நாளில் நோயாளியைத் தனியறையில் விசாரிக்கும் வழக்கம் அங்கே இல்லை. நீண்ட கூடம், ஒரு மேசை, மேசையைச் சுற்றி முறைக்குக் காத்திருப்பவர்கள். சிலமலை அம்மாள் எங்களுக்கு நேர் பின்னால் நின்றார்.

என்னைப் படுக்கவைத்து, கண்ணை மரக்கச் செய்து, சிறிய உலோகக் கருவி ஒன்றைக் கருவிழி மேல் நிறுத்திக் கண்ணின் அழுத்தத்தைப் பார்த்தார்கள். பிறகு கறுப்புத் திரைக்கு முன் உட்காரவைத்து, நடுவிலுள்ள புள்ளியையே பார்க்கச் சொல்லி, கோல் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டை அங்குமிங்கும் நகர்த்தினார்கள். பொட்டு தெரியும்போதும் மறையும்போதும் சொல்ல வேண்டும். வலக் கண்ணுக்கு, மூக்குப் பக்கம் மேலே, பொட்டு போய் ஒளிந்துகொள்ளும் இடம் ஒன்று இருந்தது.

கிளாக்கோமா (கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற முடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் நோய்) என்றார் மருத்துவர். இடக் கண்ணிலும் அழுத்தம் கூடியிருந்தது. நரம்பு இன்னும் கெடவில்லை.

“இந்த வயசுல இவ்வளவு ஏறணும்னா ஏதாவது காரணம் இருக்கணும். கண்ணுல என்னம்மா ஊத்துற?”

பையிலிருந்த சொட்டுப் புட்டியைக் காட்டினேன். எங்கள் கம்பெனியில் காய் ஆய்ந்து தரம் பிரிக்கும் கூடத்துப் பெண்கள் பலரிடம் அந்தப் புட்டி உண்டு. சீசன் தொடங்கினால் தூசியில் கண் அரிக்கும், சிவக்கும். இரண்டு சொட்டு விட்டால் சற்று நேரத்தில் அரிப்பு நின்றுவிடும். எனக்கு ஒரு மருத்துவர் சில நாளைக்கு எழுதிக் கொடுத்ததுதான். காலிப் புட்டியைக் காட்டினால் கடையில் அடுத்ததைத் தந்துவிடுவார்கள். இரண்டு சீசனாக விட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஸ்டீராய்டு (வீக்கத்தையும் ஒவ்வாமையையும் அடக்கும் மருந்து) இருந்தது. சிலருக்கு அது கண்ணின் நீர் வடியும் பாதையை அடைத்துவிடும்.

“இதை இன்னியோட நிறுத்து. வேற சீக்கு உண்டா? சர்க்கரை, பிரஷர், மூச்சிரைப்பு? மாத்திரை ஏதும் சாப்பிடுறியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார்.

“ஒண்ணுமில்ல சார். கல்லுமாரி பொண்ணு. ஒரு தலைவலின்னு படுத்ததில்ல.”

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழைப்பு (ஆஸ்துமா). எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாத பெண்ணுக்கு இழைப்பு இருந்தால் வீட்டுக்குள்ளேயே அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். சளி என்பார்கள். உறவுக்காரர் வந்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு இருமுவேன். போடி மருத்துவர் தந்த மாத்திரைகளை அம்மா கடுகு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தார். மூச்சு முட்டும் வாரங்களில் விழுங்கும் அந்த மாத்திரையும் ஸ்டீராய்டுதான்.

அழுத்தத்தைக் குறைக்கப் புதிதாக வந்திருந்த ஒரு சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். காலை ஒன்று, மாலை ஒன்று. விட்ட சற்று நேரத்தில் தொண்டையில் ஒரு கசப்புத் தெரியும். அதை நான் பொருட்படுத்தவில்லை.

குரங்கணிக்கு மேலே மலையில் எங்களுக்குச் சிறிய ஏலத்தோட்டம் உண்டு. அப்பா சீசன் முழுவதும் அங்கேதான். பச்சைக் காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோரில் மாதிரி எடுத்து வர ஒரு மாலை போனேன். கதவருகே நின்றபோதே நெஞ்சு இறுகியது. விறகுப் புகை எனக்குப் புதிதல்ல. ஆனால் முன்பெல்லாம் வெளியே வந்து உட்கார்ந்தால் அடங்கும். அன்று அடங்கவில்லை. ஒரு சொல்லைச் சொல்ல இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

மூட்டை ஏற்றிய ஜீப்பு ஒன்று கிளம்பும் நிலையில் இருந்தது. அப்பா அதன் முன்னால் போய் நின்று டிரைவரை மறித்தார்.

“லோடை எறக்கு மாப்ளே. பிள்ளையக் கொண்டு போகணும்.”

“எறக்க நேரமாகும் மாமா. மூட்டை கெடக்கட்டும். பிள்ள முன்னால உக்காரட்டும், நீங்க மூட்டைமேல ஏறிக்கங்க. வெரசாப் போயிருவோம்.”

அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் நான் மூச்சை வெளியே தள்ளுவதைத் தவிர வேறொன்றும் நினைக்கவில்லை.

போடி மருத்துவர் ஊசி போட்டார். “புதுசா ஏதும் சாப்ட்டியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையில் எதையும் சாப்பிடவில்லைதான். கண்ணில் விடுவது கண்ணோடு போயிற்று என்று வேதியியல் படித்த நானும் எண்ணியிருந்தேன். அவர் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

சில வாரங்கள் இப்படியே போயின. காலையும் மாலையும் சொட்டு, அதன் பின் இழைப்பு, இழைப்புக்கு மாத்திரை. அம்மா புகையைக் குறை சொன்னார், பனியைக் குறை சொன்னார், கம்பெனி வேலையைக் குறை சொன்னார். ராசிங்காபுரத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களிடம் நான் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி நாள் தள்ளினார்.

மறுபடி மதுரை. அதே கூடம். அழுத்தம் பார்க்கப் படுத்தேன். மல்லாந்து படுத்தால் இழைப்பு கூடும். மருத்துவர் கருவியைக் கண் அருகே கொண்டுவந்தவர், கையை அப்படியே நிறுத்தினார்.

“யாருக்கு இழைக்குது?”

என் நெஞ்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது.

“சளி சார்” என்றார் அம்மா.

“சளி இப்படிப் பாடாதும்மா.”

“ஆறு வயசுலருந்து இருக்கு சார்” என்றேன். “அதுக்கு மாத்திரையும் சாப்பிடுறேன்.”

அவர் என்னை எழுப்பி உட்காரவைத்தார். கோபத்தை அடக்கிக்கொள்வது தெரிந்தது.

“போன தடவை நான் கேட்டேனா இல்லியா?”

“பொம்பளப்பிள்ள சார்” என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி. “நாலு பேரு நிக்கைல எப்பிடிச் சொல்ல?”

“நாலு பேருக்கு ஏன் சொல்றீங்க? எனக்குச் சொல்லுங்க. நான் கொடுத்த சொட்டு மூச்சுக்குழலை இறுக்கும். இழைப்பு உள்ளவங்களுக்குக் கொடுக்கவே கூடாது. நல்லவேளை, பிள்ள உக்காந்து பேசுது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சொட்டு விட்டா தொண்டையில கசந்துச்சா?”

“கசந்துச்சு சார்.”

“கண்ணோரத்துல ஒரு ஓட்டை இருக்கு. அது வழியா மூக்கு, தொண்டை, அப்புறம் ரத்தம். சுவாசம், இதயத் துடிப்பு எல்லாத்தையும் தொடும். நீ முழுங்குன மாத்திரையும் அதேமாரி கண்ணுக்கு வரும்.”

அந்த வாரங்களில் நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தேன். கண் மருந்து மூச்சை இறுக்கியது. மூச்சுக்கான மருந்து கண் அழுத்தத்தைக் கூட்டியது. இரண்டு மருத்துவர்களும் தங்களுக்குச் சொல்லப்பட்ட நோய்க்குச் சரியான மருந்தையே கொடுத்தார்கள்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, “இடது கண்ணாவது நிக்குமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். அன்று எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மருந்து மாறியது. பழைய வகைச் சொட்டு ஒன்று, கண்மணியைச் சுருக்குவது. அதை விட்டால் புருவத்துக்கு மேலே வலிக்கும், நண்பகலும் விளக்கு வைக்கும் நேரம் போல மங்கும். கூடவே ஒரு மாத்திரை. அதனால் விரல் நுனிகள் மரமரத்தன, சோடா குடித்தால் தகரம் போலிருந்தது. போடி மருத்துவருக்கு விவரம் போயிற்று. அவர் ஸ்டீராய்டு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, இழுத்துச் சுவாசிக்கும் பம்பு மருந்துக்கு மாற்றினார். படிப்படியாக என்பதைக் கவனியுங்கள். நாள்படச் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தாமாக எதையும் நிறுத்த வேண்டாம்.

மாதங்கள் செல்ல அழுத்தம் இறங்கியது. இடக் கண் தப்பித்தது. வலக் கண்ணில் போனது போனதுதான். இறந்த நரம்பு திரும்புவதில்லை.

காய் ஆயும் கூடத்துப் பேச்சியக்காவிடம் புட்டியைத் தூக்கிப் போடச் சொன்னேன்.

“ஒனக்கு வந்தா எனக்கும் வரணுமா? நீ காலேஜிப் பிள்ள, ஒனக்குப் படிச்ச சீக்கா வரும்” என்றார். ஆனாலும் அடுத்த முறை என்னோடு மதுரைக்கு வந்தார். அவருக்கு அழுத்தம் சரியாகவே இருந்தது. “பாத்தியா?” என்று பஸ்ஸில் வழி முழுக்கக் கேலி செய்தார். ஸ்டீராய்டு எல்லாருக்கும் அழுத்தத்தை ஏற்றாது. யாருக்கு ஏறும் என்பது அளந்து பார்க்காமல் தெரியாது. பேச்சியக்கா அன்றிலிருந்து அரிப்புக்குக் குளிர்ந்த நீரில் கண் கழுவுவதோடு நிறுத்திக்கொண்டார்.

உங்களில் யாருக்காவது கண் அழுத்தம் என்று சொல்லியிருந்தால், மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை இவை. இழைப்பு, இதய நோய், சர்க்கரை, இரத்த அழுத்தம். கண்ணில் முன்பு பட்ட அடி. குடும்பத்தில் யாருக்காவது பார்வை போனது. ஸ்டீராய்டு எந்த வடிவில் வந்தாலும்: மாத்திரை, சொட்டு, மூட்டில் போடும் ஊசி, தோலுக்குப் பூசும் களிம்புகூட, முக்கியமாக இமையருகே பூசுவது. இரத்த அழுத்த மாத்திரையின் பெயரும் அளவும். இன்னொன்று: கண்ணின் முன்பகுதி பிறவியிலேயே குறுகலாக இருப்பவர்களுக்குச் சில சளி மாத்திரைகளும் வயிற்றுவலி மருந்துகளும் திடீரெனப் பாதையை அடைத்துவிடும். கண் தெறிக்கும், வாந்தி வரும், விளக்கைச் சுற்றி வானவில் தெரியும். அதைப் பித்தம் என்று படுத்துவிடக் கூடாது, அன்றே போக வேண்டும்.

இதற்கு மாறான திசையும் உண்டு. வேறு எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், கண்ணில் விடும் மருந்தைச் சொல்லுங்கள்.

ராசிங்காபுரத்துக்காரர்கள் பிறகு வந்தார்கள். காப்பி கொடுத்து முடித்ததும் அப்பாவே பேச்சைத் தொடங்கினார். “பிள்ளைக்கு இழைப்பு உண்டு. கண்ணுக்கு நாள் தவறாம மருந்து விடணும். மத்தபடி எங்க பிள்ளைய நாங்களே மெச்சிச் சொல்லக்கூடாது.” அம்மா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அவர்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், சேதி வரவில்லை. எனக்கு அதில் வியப்பும் இல்லை, பெரிய வருத்தமும் இல்லை.

முன்பு உடம்பில் வலிக்காத இடமெல்லாம் நலமான இடம் என்று இருந்தேன். இழைப்பு சத்தம் போட்டு வரும். கண் எதையும் சொல்லாமல் போகும். வருடத்தை நான் காய் எடுப்பை வைத்துக் கணக்கிடுவதை விட்டுவிட்டேன். திறந்த சொட்டுப் புட்டியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆகவே எனக்கு ஒரு மாதம் என்பது ஒரு புட்டி.

இன்று காலை புதியதைத் திறந்தேன். சொட்டு விட்டுக் கண்ணை மூடி, மருந்து தொண்டைக்கு இறங்காதபடி மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயதாகிவிட்ட அம்மா, இரைச்சல் கேட்காதபடி அடுப்பைத் தணித்துவிட்டு நின்றார். நெஞ்சுக்குக் காது கொடுத்தேன். காற்று போகும்போதும் விசில் இல்லை, வரும்போதும் இல்லை. விரலை எடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.