மரவீட்டுக் கதவு

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். பேய், கெட்ட காற்று என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை. கண்ணுக்குத் தெரிகிற நெருப்புக்குப் பயப்படவே நேரம் போதவில்லை, இதற்கெல்லாம் எங்கே பயப்பட?

எனக்கு இருந்தது ஒரே ஆசை. மலையில், மரத்தால் கட்டிய வீட்டில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். எங்கள் வீட்டுக் காலண்டரில் அப்படி ஒரு படம், வெயிலில் வெந்து வந்து அதைப் பார்த்தாலே உடம்பு குளிரும். பார்த்துப் பார்த்துக் கனவிலும் வந்துவிட்டது. முதலில் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஜன்னலில் பனி, பைன் மர வாசனை. வெளியே போகலாம் என்று கதவைத் தள்ளினால் திறக்காது. எங்கள் ஆலையில் எல்லாக் கதவும் வெளிப்பக்கம்தான் திறக்கும், பொறி பட்டால் தள்ளிக்கொண்டு ஓடுவதற்காக. அந்தப் பழக்கத்தில் இரண்டு கையாலும் தள்ளுவேன், தள்ளிக்கொண்டே இருப்பேன், மூச்சு முட்டித்தான் விழிப்பேன். ஞாயிறு கோயிலுக்குப் போய்வந்து மதியம் கண் அசந்தால்கூட விடாது.

தீபாவளி முடிந்து ஆலையை மூடியதும் என் வீட்டுக்காரர் கொடைக்கானல் பக்கம் ஒரு மரவீடு பிடித்தார். அவருக்கும் அதே ஆலைதான், பழைய விபத்தில் இடது சுண்டுவிரலை இழந்தவர். நம்பினால் நம்புங்கள், கனவில் பார்த்த அதே ஜன்னல், அதே வாசனை. அவர் பையை எடுக்கப் போனார், நான் உள்ளே நுழைந்தேன், காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. பட்டப்பகல்தான். தள்ளினேன், அசையவில்லை. செத்தேன் என்றே நினைத்துக் கத்தினேன்.

"ஏ கிரேசு, ஏன் தள்ளுத? உன் பக்கமா இழு!" என்றார் வெளியிலிருந்து.

இழுத்தேன், திறந்துவிட்டது. அவர் சிரிக்கிறார். அப்போதுதான் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். நாங்கள் மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி, வெள்ளி மாதிரி மினுக்கும், அது அப்பிய இரண்டு கைத்தடம். என் கையை வைத்தேன், அப்படியே பொருந்தியது. அதற்கு மேலே இன்னொரு ஜோடி, பெரிய கை. அதில் இடது சுண்டுவிரல் இல்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் வேலைக்கு வந்ததுலருந்து இருக்கும்மா, துடைச்சாலும் போகாது" என்றார்.

என் வீட்டுக்காரரிடம் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. தலைவலி என்று சொல்லி அன்றைக்கே மலையிறங்கிவிட்டோம்.

அதோடு எனக்கு அந்தக் கனவு நின்றுபோனது. இப்போது அவர்தான் மதியம் படுத்தால் தூக்கத்திலேயே இரண்டு கையாலும் சுவரைத் தள்ளுகிறார், வேர்த்துக் கொட்டுகிறது. நான் காதோரம் குனிந்து, "இழுங்க, உங்க பக்கமா இழுங்க" என்று கெஞ்சுவேன். விழித்ததும் ஒன்றும் நினைவிருக்காது.

"எதப் புள்ள இழுக்கச் சொல்லுத?" என்பார்.

முன்பெல்லாம் ஒரு தடவை சொன்னால் விழித்துவிடுவார். இப்போது அவர் விழிக்க ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக ஆகிறது.