நூற்றுக்குப் பத்து குறைந்த ஷேர்ஹோல்டர்கள்

நேற்று மதியம் எங்கள் வீட்டு ஹாலில் ஷேர்ஹோல்டர்ஸ் மீட்டிங்!

மொத்தமே மூன்று ஷேர்ஹோல்டர்கள். அதில் இரண்டு பேருக்குள் பேச்சு கிடையாது.

(அந்த இரண்டு பேரும் என் கூடப் பிறந்த அண்ணன்கள். மூன்றாவது ஆள் நான். நண்டுக் குழம்பு வைத்ததும் நான்தான்.)

எங்கள் அய்யா உத்தரகோசமங்கைப் பக்கம் மிளகாய் விவசாயி. ஒரு வருடம் மிளகாய் நல்ல விலைக்குப் போன சந்தோஷத்தில், யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு குட்டி சுரங்கக் கம்பெனியில் 270 ஷேர் வாங்கிப் போட்டார். வெளிமாநிலத்தில் எங்கோ தங்கம் இருக்கிறதா என்று பூமியைத் துளைத்துப் பார்க்கிற கம்பெனி.

இன்னமும் துளைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

அய்யா காலமான பிறகு நிலம், கிணறு, பனைமரம் எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்தோம். அதே கையோடு ஷேரையும் பிரித்தோம். ஆளுக்குத் தொண்ணூறு. என்ன நியாயம், என்ன நேர்மை என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அப்புறம் மிளகாய்க் காட்டு வரப்பை யார் வெட்டினார்கள் என்று அண்ணன்களுக்குள் சண்டை வந்தது. இரண்டு வருடமாகப் பேச்சில்லை. பொங்கலுக்கு நான் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய், இரண்டு வீட்டிலும் வயிறு முட்டச் சாப்பிட்டு, திரும்பும்போது பஸ்ஸில் அழுதுகொண்டு வருவேன். எனக்கு இருந்த ஒரே குறை அதுதான்.

இந்த நேரத்தில் கம்பெனியிலிருந்து நோட்டீஸ். நூறு ஷேரை ஒரே ஷேராக மாற்றப் போகிறார்களாம். சம்மதமா, இல்லையா? ஆன்லைனில் ஓட்டுப் போட வேண்டும்.

பெரியண்ணன் பெண்டாட்டி, எங்கள் மதினி, எனக்குப் போன் போட்டார்.

"ஏத்தா செல்வி, நம்மகிட்ட ஆளுக்குத் தொண்ணூறுதான இருக்கு? நூறுக்கு ஒண்ணுன்னா நமக்கு ஒண்ணுகூட வராதாம். கையில சில்லறையக் குடுத்து அனுப்பிருவாகளாம். மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பேசியே ஆகணும். ஒன் வீட்டுல வச்சுக்குவோம்."

அதுவும் எப்பேர்ப்பட்ட சமயம்! ஒரு பெரிய கம்பெனி எங்கள் கம்பெனியை மொத்தமாக வாங்கப் போகிறது என்று ஷேர்ஹோல்டர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பேச்சு. இத்தனை வருடம் காத்திருந்துவிட்டு, பந்தி போடும் நேரத்தில் இலையை எடுப்பார்களா?

பெரியண்ணன் மதினியோடு வந்தார். சின்னண்ணன் உச்சிப்புளியிலிருந்து பைக்கில், வழியில் புதுமடத்தில் நண்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். ஒருவர் ஜன்னலோரம், ஒருவர் அடுப்படி வாசல். நடுவில் நான், மைக் செட் மாதிரி.

பெரியண்ணன் தொடங்கினார். "ஏத்தா, ஒண்ணாக்குறதுதான் நல்லதுன்னு அவன்கிட்டச் சொல்லு. இப்படிச் சில்லறையாக் கெடந்தா எந்தப் பெரிய கம்பெனிக்காரன் மதிப்பான்?"

சின்னண்ணன் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னார். "நூறு ஒத்த ரூவாயக் குடுத்துட்டு ஒரு நூறு ரூவா நோட்ட வாங்குறதுல என்ன லாபம்னு அவருகிட்டக் கேளு."

"லாபம்னு யாரு சொன்னா? பாக்க மரியாதையா இருக்கும்னு சொல்லு."

"இன்னைக்கு ஒண்ணாக்குவாய்ங்க. நாளைக்குப் புதுசா ஷேர் போட்டு விப்பாய்ங்க. நம்ம பங்கு இன்னும் சிறுத்துப் போகும்னு சொல்லு."

(இப்படியே முக்கால் மணி நேரம்! கழுத்து இன்னும் வலிக்கிறது. சம்பளமும் கிடையாது.)

சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சு டேக்ஓவருக்கு வந்தது.

"வாங்க வாரவன் அடிமாட்டு வெலைக்குத்தான் கேப்பான். கேட்ட வெலைக்குக் குடுத்துட்டுக் கெளம்பணும்னு அவருகிட்டச் சொல்லு செல்வி" என்றார் சின்னண்ணன்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியண்ணன் பொங்கிவிட்டார்.

"ஏலே கூறுகெட்டவனே! உள்ள தங்கம் இருக்குன்னு தெரியாமயா வாரான்? மொத வெலைக்கே தலையாட்டுவியா? போன வருசம் மொளகாயவும் இப்படித்தானலே கொண்டுபோய்க் கொட்டுன!"

நேராக! சின்னண்ணன் முகத்தைப் பார்த்து!

என் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. மதினி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். பேசாதே என்று அர்த்தம்.

சின்னண்ணன் நண்டை இலையில் வைத்தார். "மழைண்ணே. காயப்போட எடமில்ல. வித்துத்தான ஆகணும்?"

"ஏன், எங் களத்துல கொண்டாந்து போட வேண்டியதுதான? நானா வேணாம்னேன்?"

"கேக்க வாய் வரலண்ணே."

பெரியண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இந்த வருசம் அங்கனயே போடு" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காட்டிக்கொள்ளாமல் இரண்டு பேருக்கும் குழம்பை ஊற்றினேன். போதும் போதும் என்ற பிறகும் ஊற்றினேன்.

அதற்கப்புறம் மைக் செட்டுக்கு வேலையே இல்லை!

தீர்மானங்கள்: ஒன்றாக்குவதற்கு மூன்று பேரும் சம்மதம் என்று ஓட்டு. மூன்று பங்கையும் சேர்த்துப் பெரியண்ணன் பேரில் போடுவது, அப்படியாவது இரண்டு ஷேர் தேறும் (சொன்னது சின்னண்ணன்!). பெரிய கம்பெனி வந்தால் முதல் விலைக்கு மசியக் கூடாது. (இதுவரை யாரும் எந்த விலையும் கேட்கவில்லை. அது வேறு விஷயம்.)

சாயங்காலம் இருவரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா மொபைலில் ஷேர் விலையைப் பார்த்தேன். இரண்டு ரூபாய்க்கும் கீழே! தூக்கிவாரிப் போட்டது. அடுப்படிக்கு ஓடினேன். மதினி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"மதினி! ஆளுக்குப் பத்து ஷேர் வாங்கிப் போட்டா நூறு ஆயிருமே! இருவது ரூவாகூட ஆகாதே! இதுக்கா இம்புட்டுப் பெரிய மீட்டிங்கு?"

மதினி திரும்பக்கூட இல்லை.

"நோட்டீஸ் வந்த அன்னைக்கே தெரியும்த்தா. சத்தம் போடாத. வெளிய ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்காக."