அப்பாவின் சிவப்பு அட்டையும் வாசலில் நிற்கும் காரும்

எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டுத் திதிக்கு வரவிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகள் வணக்கத்துடன் எழுதுவது. வழக்கமாக நினைவு மலரைச் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது கையில் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போய் ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவோம், எத்தனை பேர் படிக்கிறோம்? அதனால் நாங்கள் அழைப்போடு சேர்த்து முன்னதாகவே அனுப்புகிறோம். வருவதற்கு முன் எல்லோரும் இதைப் படித்துவிட வேண்டும்.

இப்படிச் செய்யக் காரணம் உண்டு. பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, அப்பாவின் உடன்பிறந்த அண்ணனான எங்கள் பெரியப்பா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "அந்த ஓட்டக் காரை நம்பினதாலதான் என் தம்பி போயிட்டான். ஸ்டார்ட் ஆகாம வாசல்லயே நின்னுருக்கு. அந்தச் சனியன் அங்க நிக்கிற வரைக்கும் நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை, ஒரு வருடமாக ஏறவும் இல்லை. திதிக்காவது குடும்பத்துக்கு மூத்தவர் வந்து நிற்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. "காரை எடைக்குப் போட்டுடு, இல்லன்னா அன்னிக்கு மட்டும் வேற தெருவுல நிறுத்தி வை" என்று எனக்குப் புத்தி சொல்லாத உறவினர் இல்லை. அப்பாவைப் பற்றி எழுதும்போது 'அன்பின் உருவம், பண்பின் சிகரம்' என்று எழுதும்படியும் சிலர் சொன்னார்கள். மன்னிக்க வேண்டும், அப்பா சிகரமெல்லாம் இல்லை. பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அப்பா பிறந்தது சாத்தூர்ப் பக்கம். மழை இல்லாத சீமை, தீப்பெட்டி ஒட்டி வளர்ந்த பிள்ளைகள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்து, பெரியப்பாவின் பின்னாலேயே நெய்வேலிக்கு வந்தார். பெரியப்பா அப்போதே பெர்மனன்ட். அப்பாவுக்கு ஒரு கான்ட்ராக்டரிடம்தான் வேலை கிடைத்தது. சுரங்கத்தில் நிலக்கரி போகும் பெல்ட்டுகளின் மோட்டார்களைப் பார்ப்பது.

அந்த வேலையில் ஒரு விதி. மோட்டாரில் யார் கை வைக்கிறாரோ அவர் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். மாட்டியவர் மட்டும்தான் அதைக் கழற்றலாம். மேலதிகாரி வந்தாலும் சரி, ஆண்டவனே வந்தாலும் சரி.

ஒரு நாள் ஷிப்ட் மாறும் நேரம். முந்தைய ஷிப்ட்காரர் தன் அட்டையைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். பெல்ட் ஓட வேண்டும். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அப்பாவிடம், "அட்டையை எடுத்துட்டு சுவிட்சப் போடு" என்றார்.

"அதுல என் பேர் இல்ல சார்."

"அவன் வீட்டுக்குப் போயிட்டான்யா. உள்ள யாரும் இல்ல."

"இருக்கட்டும் சார். அவரு வந்து எடுக்கட்டும்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரைக் கை கழுவ வைத்து, பின்னால் உட்கார்த்திக் கூட்டிவந்தார் அப்பா. உள்ளே யாரும் இல்லைதான், ஆபத்து எதுவும் இல்லைதான். சூப்பர்வைசர் சொன்னது உண்மை. அப்படியிருந்தும் அப்பா செய்ததுதான் சரி என்று நான் சொல்வேன். மறுநாள் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒரு அட்டைக்காகப் பொழப்பக் கெடுத்துக்கிட்டான்" என்று பெரியப்பா அன்றைக்குச் சொல்லத் தொடங்கியவர், நிறுத்தவே இல்லை. சுரங்க வேலை இல்லாத அடுத்த மூன்று மாதமும் அப்பா வடலூரில் ஒரு பாயின் கடையில், கார்களுக்கு வயரிங் பார்க்கும் வேலைக்குப் போனார். பிறகு வேறொரு கான்ட்ராக்டர் கூப்பிட்டுக்கொண்டார். பல வருடம் கழித்துப் பெர்மனன்ட்டும் ஆனார். ஆனால் பழைய கார்களின் மேல் வந்த பித்து மட்டும் வடலூரிலேயே ஒட்டிக்கொண்டது.

ரிட்டயர் ஆகப்போகும் வருடத்தில் ஊரை விட்டுக் கிளம்பிய ஓர் அதிகாரியிடமிருந்து அந்த வெள்ளைக் காரை வாங்கினார். அவருக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டிய கார். நான் அப்போது இங்கேயே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, என் பெயரில் குவார்ட்டர்ஸ் வாங்கியிருந்தேன். அப்பா, அம்மா, கார் மூவரும் என்னோடு வந்து சேர்ந்தார்கள். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகாததற்கும் வாசலில் நிற்கும் அந்தக் காரைத்தான் பெரியப்பா காரணம் சொல்வார்.

காருக்குக் கெட்ட பெயர் வந்தது குள்ளஞ்சாவடியில். பெரியப்பா மகனுக்குக் கடலூரில் நிச்சயதார்த்தம். வரிசைத் தட்டுகளெல்லாம் எங்கள் காரில். பூ வாங்க வழியில் குள்ளஞ்சாவடி முக்கில் நிறுத்தினோம், அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. காலையில் ஒரே திருப்பலில் கிளம்பிய கார் அது. பக்கத்துக் கடை மெக்கானிக் எட்டிப்பார்த்து, "செல்ஃப் மோட்டார் போயிடுச்சு, மாத்திடுங்க" என்றார்.

"பாக்காம எதையும் மாத்தக்கூடாது" என்று அப்பா பானட்டைத் திறந்து, பல்பில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பட்டு வேட்டியில் கிரீஸ். பெரியப்பா, "டேய், ராகு காலம் வருதுடா" என்று கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் தள்ளி, கார் கிளம்பியது. நல்ல நேரம் போய்விட்டது. முதலிலேயே தள்ளியிருக்கலாம். அது அப்பாவின் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராகு காலத்தில் நிச்சயமான அந்தக் கல்யாணத்தில் பிறந்த இரண்டு பேரன்களும் இன்றைக்குப் பெரியப்பா மடியில்தான் ஏறி விளையாடுகிறார்கள்.

அப்பா அந்தக் கோளாறைத் தேடி மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தார். ஒவ்வொரு முறையும் முதல் வேலை, பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றி அதில் தன் சிவப்பு அட்டையைக் கட்டுவது. "சுரங்கம்னு நெனப்பு" என்று அம்மா கிண்டல் செய்வார். சோதித்துப் பார்க்கும் நேரத்தில் மட்டும் அவரே அட்டையைக் கழற்றி முனையை மாட்டுவார். பாட்டரி நன்றாக இருந்தது. பலர் சொன்னதற்காகப் புதுப் பாட்டரி வைத்துப் பார்த்தும் அதே 'டக்'. எஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் தனியாகச் சுற்ற வைத்தார், நன்றாகச் சுற்றியது. எங்கே தொட்டாலும் டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, கார் மட்டும் கிளம்பவில்லை.

மூன்றாவது ஞாயிறு அம்மாதான் கண்டுபிடித்தார். சாவியைத் திருப்பச் சொல்லி அவரை உள்ளே உட்கார வைத்திருந்தார் அப்பா. அம்மா மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், பேச்சிலும் அந்த ஊர் வாடைதான். "ஏங்க, சும்மா உக்காந்துகினு இருக்கேன், இந்தச் சோக்குக் குமிழு இன்னாங்க இப்படிச் சுடுது?" என்றார்.

அப்பா ஓடிவந்து குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கார் ஜன்னலிலேயே தலையை வைத்துச் சிரித்தார். பிறகு எங்களுக்கு விளக்கினார். காரில் கரண்ட் வயர் வழியாகப் போகும், ஆனால் காரின் உடம்பு வழியாகத்தான் பாட்டரிக்குத் திரும்பி வர வேண்டும். எஞ்சினையும் உடம்பையும் ஒரு செம்புப் பட்டை சேர்க்கிறது, அதுதான் எர்த். எப்போதோ யாரோ பெயின்ட் அடித்து, அந்தப் பெயின்ட்டின் மேலேயே பட்டையை முடுக்கியிருக்கிறார்கள். இடுக்கில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் தூசி வேறு. ஒரு பல்பு எரிய வேண்டிய அளவுக்கு அதில் வழி இருந்தது, செல்ஃப் மோட்டார் சுற்றும் அளவுக்கு இல்லை. முதலில் எஞ்சின் குளிர்ந்திருந்தால் எப்படியோ சமாளித்தது, போகப் போக அதுவும் இல்லை. வழி கிடைக்காத கரண்ட், எஞ்சினிலிருந்து அந்தக் குமிழுக்கு வரும் மெல்லிய சோக் கம்பியில் நுழைந்து திரும்பப் பார்த்திருக்கிறது, அதுதான் சூடு.

"சுரங்கத்துல எர்த்துங்கறது ஆளைக் காப்பாத்தத்தான், வேலை செய்ய இல்ல. அந்தப் பழக்கத்துல லேம்ப் எரிஞ்சதும் எர்த் சரின்னு விட்டுட்டேன். என் தப்புதான்" என்றார். பெயின்ட்டைச் சுரண்டி, புதுப் பட்டை போட்டு முடுக்கினார். அதற்குப் பிறகு அந்தக் கார் ஸ்டார்ட் ஆகாமல் ஒரு நாள்கூட நின்றதில்லை. அந்த வாக்கியத்தைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

இனி அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஸ்டீரிங்கை இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கிறது, எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கச் சிரிக்கிறார்கள். காலைப் பலகாரம் முடிந்ததும் அப்பா பாட்டரி முனையைக் கழற்றி, அட்டையைக் கட்டி, வேலையை ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வேறோர் அவசரத்துக்குப் போயிருக்கிறது, கொஞ்சம் நேரமாகும் என்றார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினேன். கை அந்த அட்டை வரை போய் நின்றுவிட்டது. இதைத்தான் சிலர், "அப்பன் சாகக் கெடக்கான், பொண்ணு அட்டையப் பாத்துக்கிட்டு நின்னுச்சு" என்று பேசினார்கள். ஆமாம், நின்றேன்.

"அப்பா, அட்டையை எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"தொடாத பாப்பா." மூச்சு வாங்கியது அவருக்கு. "ஹாரன் வயரு உரிச்சபடி கெடக்கு. பெட்ரோல் ட்யூப் மேல. அதுக்கு மொதல்ல டேப் சுத்து."

எட்டிப் பார்த்தேன். சாவி போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும் வயர் அது. செம்பு வெளியே தெரிய, பழைய ரப்பர் ட்யூபின் மேல் கிடந்தது. நான் அட்டையைப் பிய்த்துப் போட்டு முனையை மாட்டியிருந்தால், எங்கே பொறி பறந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். டேப் சுற்றினேன். அதற்குள் அம்மா அப்பாவைத் தாங்கிக் கூட்டிவந்திருந்தார். காரில் ஏற எப்படியும் அந்த வழியாகத்தானே வர வேண்டும். அப்பா நின்று, தன் கையால் அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இப்ப மாட்டு" என்றார்.

சாவியை ஒரு தடவைதான் திருப்பினேன். கார் கிளம்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளியே வந்து, "நேரத்தோட கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றார். அப்பா அதன் பிறகு ஒன்பது நாள் இருந்தார். இட்லி சாப்பிட்டார். அம்மாவைத் தலை வாரிவிடச் சொன்னார். நான்காம் நாள் பெரியப்பா வந்தார். இரண்டு பேரும் சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டிய கதைகளைப் பேசிச் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து சத்தம் போட்டார். எட்டாம் நாள் என்னிடம், "அந்த வயரு டேப்போடதான கெடக்கு? அப்படியே விட்டுடாத" என்றார். ஒன்பதாம் நாள் காலை இரண்டாவது முறை நெஞ்சுவலி வந்தது. அப்போது அவர் மருத்துவர்களின் கண்ணெதிரே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். காருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒன்பது நாளும் கண் துஞ்சாமல் பார்த்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும், ஆஸ்பத்திரிக்கு மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பிய எங்கள் பிளாக் பெண்களுக்கும், ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து தூக்கிய தோள்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். வடலூர் பாயின் மகன், கடையை அடைத்துவிட்டு வந்து, அந்த ஹாரன் வயரை என்னோடு நின்று மாற்றிக்கொடுத்தார். அவருக்கும் நன்றி.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்கு முழுதும் படித்துக் காட்டினேன். "பெரியப்பா மனசு நோகும்னா எடுத்துடறேம்மா, காரையும் அன்னிக்கு மட்டும் தள்ளி நிறுத்திடறேன்" என்று, என் கோபத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு சொன்னேன். அம்மா போனை எடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து பெரியப்பாவிடம் தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர்.

"மாமா, நான்தான் பேசறேன். கார் வாசல்லதான் நிக்கும், நவுத்த மாட்டோம். அவர எனக்கு இன்னும் ஒம்போது நாள் குடுத்தது அந்தக் காருங்க. உங்களுக்கும் அதுல ஒரு நாள் குடுத்துச்சு. அத நான் எப்படி எடைக்குப் போடுவேன்?"

 அப்புறம் பெரியப்பாவின் குரல் எனக்கும் கேட்டது. "படையல் எத்தன மணிக்கு?"

"பன்னெண்டு மணிக்குங்க" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தார்.

உங்களுக்கும் அதையே சொல்கிறோம். படையல் பன்னிரண்டு மணிக்கு. வாசலில் கார் நிற்கும், சுற்றிக்கொண்டு உள்ளே வாருங்கள்.