முழுக்கச் சொன்ன றெஜினா அக்கா

சென்ற வெள்ளிக்கிழமை தையல் மெசினில் குனிந்திருந்தபோது அண்ணி வந்து என் தோளைத் தொட்டார். நிமிர்ந்து அவரது வாயைப் பார்த்தேன். "குருநகர் றெஜினா அக்கா செத்துப்போனாவாம்." நம்ப முடியாமல் இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். அண்ணி அழுதுகொண்டே திரும்பச் சொன்னார்.

இருபத்திரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து எனக்குக் காது கேளாமல் போனது. அதன் பிறகும் வீட்டில் எல்லோரும் என்னோடு அன்பாகத்தான் இருந்தார்கள்; கதைப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் நல்லூரிலிருந்து குருநகர்ச் சந்தைக்கு மீன் வாங்கப் போன அப்பா, அங்கே ஒரு பெண்ணைக் கண்டிருக்கிறார். பிறவியிலேயே காது கேளாத தன் தம்பிக்கு, சுற்றி நின்றவர்கள் சொல்வதையெல்லாம் உதட்டாலும் கையாலும் அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். "என்ரை மகளோடையும் உப்பிடி வந்து கதைப்பியளோ?" என்று அப்பா கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்தவர் எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. வீட்டாரைத்தான் பிடித்தார். யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் முகம் இருட்டாகும் என்று கதிரைகளை மாற்றிப் போட்டார். வெற்றிலையை மென்றுகொண்டு கதைக்க வேண்டாம் என்று மாமிக்குச் சொன்னார். மாமாவையும் விடவில்லை. "மாமா, மீசை உதட்டை மூடுது. நீங்கள் கதைக்கிறது பிள்ளைக்குத் தெரியாது." எண்ணெய் பூசி வளர்த்த மீசை அது. மாமா சில நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் அதைக் கத்தரித்துக்கொண்டு வந்து, "இப்ப தெரியுதோ?" என்று கேட்டார். நன்றாகத் தெரிந்தது.

சபைகளில் அக்கா என் முன்னால் இருந்து நடப்பதைச் சொல்வார். எனக்குப் பிடிக்காததையும் சொல்வார். "சுருக்கிறதுக்கு நான் ஆர்?" என்பார். அவரோடு பழகி, இப்போது இதை வாசிக்கும் உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

அப்பா ஆசுபத்திரியில் கிடந்தபோது, டொக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று என் அண்ணையோடு கதைத்தார். அண்ணை என்னிடம் திரும்பி, "ஒண்டுமில்லை, களைப்பு," என்றார். அக்கா என் முன்னால் வந்தார்.

"அப்பா இனித் தப்பமாட்டாராம். கொஞ்ச நாள்தானாம்."

அண்ணையின் முகம் சிவந்தது. அவர் ஏசியதையும் அக்கா எனக்குச் சொன்னார். "இதை அவளுக்கு ஏன் சொன்னனீங்கள் எண்டு அண்ணை என்னை ஏசுறார்." பிறகு அவர் பக்கம் திரும்பி, "அவவுக்கும் அப்பாதானே தம்பி," என்றார். அண்ணை எழும்பி வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு நான் அப்பாவை விட்டு அசையவில்லை. அவரது உதடுகள் தளர்ந்து, என்னால் பிடிக்க முடியாமல் போனது. அக்கா அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டு எனக்குச் சொன்னார். சாப்பிட்டாயா என்று அப்பா கேட்டார். மெசினுக்கு எண்ணெய் விட்டாயா என்று கேட்டார். நான் இல்லாவிட்டால் உன்னோடு யார் கதைப்பார்கள் என்று கேட்டார். நான் அழுதேன். அக்காவும் அழுதார், ஆனால் கையால் வாயைப் பொத்தவில்லை. உண்மையை அன்று மறைத்திருந்தால் அப்பாவின் அந்தக் கதை எதுவும் எனக்குக் கிடைத்திராது. அதற்கு நான் அக்காவுக்கு நன்றி சொல்லி முடிக்கவே இல்லை.

தேவாலயத்தில் அக்காவின் அடக்கப் பூசையில் அவருடைய தம்பிக்கும் மருமகளுக்கும் நடுவில் இருந்தேன். சுவாமியார் வெகுநேரம் பேசினார். மைக் அவர் வாயை மறைத்தது. என்ன சொல்கிறார் என்று மருமகளிடம் கேட்டேன்.

"மாமியைப் பற்றி நல்லாச் சொல்லுறார்," என்றாள்.

முன்பென்றால் தலையாட்டிவிட்டு இருந்திருப்பேன். கேட்டு வாங்கும் பிடிவாதம் அக்காவிடமிருந்து எனக்கு வந்தது. இனி என்னோடு இருக்கப்போவதும் அதுதான். "என்ன நல்லது? முழுக்கச் சொல்லும், பிள்ளை," என்றேன்.

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள். "எல்லாருக்கும் உதவினவவாம். ஒருத்தரோடையும் முரண்படாதவவாம். வாய் திறவாத அமைதியான மனுசியாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு சத்தமாகச் சிரித்தேனோ தெரியாது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் தம்பி என் முழங்கையைத் தட்டி, என்னவென்று கையால் கேட்டார். உதட்டாலும் கையாலும் ஒன்றும் விடாமல் சொன்னேன். கண்ணீரோடு அவரும் சிரித்தார்.