பூண்டு குடோனில் எங்களுக்கு மைக் செட் போட்ட ஜெபராஜ் அண்ணன்

ஜெபராஜ் அண்ணன் போய்விட்டார். இன்று விடிகாலை, பேத்துப்பாறையில், வீட்டிலேயே... நெஞ்சுவலி.

அவர் நம்பரிலிருந்துதான் போன் வந்தது. "சொல்லுங்கண்ணே" என்றேன். பேசியது அவர் மனைவி மெர்சி அக்கா.

"பாப்பா, சனிக்கிழமை அண்ணன் வர முடியாது. வேற செட்டு பார்த்துக்கோ. அண்ணன் வெள்ளனே போயிட்டாங்க."

அழுது ஓய்ந்த குரல். எனக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டுக்கும் ஒரு காதுகுத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டாராம். புக்கிங் கொடுத்தவர்களைக் கடைசி நேரத்தில் தவிக்க விடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். என்னிடம் பேசிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்.

தெரியாதவர்களுக்காக... கொடைக்கானல் மலையில், பூண்டியில் ஒரு பூண்டு குடோன் இருக்கிறது. சரக்கெல்லாம் சந்தைக்குப் போய்க் காலியானதும், வருஷத்துக்கு ஒரு சாயங்காலம் அதில் ராக் கச்சேரி நடத்துவோம். எந்தக் கம்பெனியும் பின்னால் இல்லாத சின்னச் சின்ன பேண்டுகள். ரெண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், நிறையக் கத்தல்.

டிரம்ஸ் நான். பாட்டு எழுதுவதும் நான். பனியில் ஆள் வருமா, கரண்ட் இருக்குமா, பேண்டு மலையேறுமா என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வருஷமும் போதும் போதும் என்றாகிவிடும்.

அந்த ரோட்டில் ஸ்பீக்கர் பாக்ஸ் ஏற்றிக்கொண்டு வரச் சம்மதித்த ஒரே ஆள் ஜெபராஜ் அண்ணன்தான். சர்ச் கூட்டம், கோயில் திருவிழா, சாவு வீடு... சுற்றுவட்டாரத்தில் எல்லாவற்றுக்கும் அவர் செட்தான்.

எங்கள் மியூசிக் அவருக்குப் பிடிக்காது. பிடித்த மாதிரி நடிக்கவும் தெரியாது. முதல் வருஷம் சவுண்ட் செக் முடிந்ததும் என்னிடம் வந்து, பாடுகிற தம்பிக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா என்று நிஜமான அக்கறையோடு கேட்டார்.

பாட்டு என்றால் வார்த்தை கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. சர்ச்சில் பழகின கை. கிட்டாரை ஏற்றச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் பாடுகிறவன் மைக்கை ஏற்றுவார்.

இரைச்சலில் ஒளிந்துகொள்ளும் என்று நம்பி நான் எழுதிய வரிகளையெல்லாம் என் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து தெளிவாகக் கேட்டார். அன்று வீட்டில் எனக்குச் சோறு கிடைத்தது. பேச்சு கிடைக்கவில்லை.

போன வருஷக் கூத்து இதைவிட மோசம்.

பெங்களூரிலிருந்து நிகில் என்று ஒரு கிட்டாரிஸ்ட் வந்திருந்தான். அவன் கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் பேப்பரை அவனே பிளேடால் கீறி வைத்திருந்தான். அந்தக் கீறலால்தான் அவனுக்கு அந்தக் கொரகொர சவுண்ட். அதுதான் அவன் பேண்டின் உயிரே.

சவுண்ட் செக் முடித்துவிட்டுச் சாப்பிடப் போனோம். அண்ணனுக்கு அந்தச் சவுண்டைக் கேட்டு மனசு ஆறவில்லை. மலைப்பாதையில் பஸ் குலுக்கியதில் கிழிந்துவிட்டது என்று நினைத்து, பின்பக்கம் திறந்து, மெல்லிய துணி வைத்துப் பசை போட்டு ஒட்டி, ஈரம் காயக் கரி அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கூட எடுத்துவிட்டார்.

நிகில் வந்து கிட்டார் கம்பியை ஒரு தட்டுத் தட்டினான். சுத்தமான சவுண்ட். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவுக்கு வாசிக்கலாம்.

அவன் இங்கிலீஷில் கத்திய கத்தலுக்கு அர்த்தம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. அண்ணன் மெதுவாகத்தான் பதில் சொன்னார்.

"கிழிஞ்சு கெடந்துச்சு தம்பி. பார்த்துட்டு அப்படியே விட மனசு வரலை."

வேண்டுமென்றே கீறியது என்று நான் விளக்கினேன். நம்பாமல் திரும்பவும் கேட்டார். பிறகு பையைத் துழாவி ஒரு பிளேடை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"எனக்குக் கை வராது பாப்பா. நீயே கீறிரு."

கீறினேன். குழந்தைக்கு ஊசி போடும்போது திரும்பிக்கொள்கிற அப்பா மாதிரிச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கச்சேரி நன்றாகவே நடந்தது. கடைசி வரை உம்மென்று இருந்தார். கிளம்பும்போது நிகிலிடம் போய், பஸ் வேண்டாம், அடுத்த தடவை அடிவாரத்தில் வத்தலக்குண்டில் இறங்கிக் கூப்பிடு, நானே வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். அவ்வளவுதான் அவர் சமாதானம்.

இன்று காலையிலிருந்து எங்கள் குரூப்பில் ஒரே பேச்சு. வத்தலக்குண்டில் வேறு செட் கிடைக்கும், விசாரிக்கவா என்கிறார்கள். இந்தச் சனிக்கிழமையை விட்டால் அடுத்த வருஷம்தான். பேண்டுகள் பாதி வழி வந்துவிட்டன. எல்லாம் எனக்கும் தெரியும்... மதியம் வரை எதற்கும் பதில் போடவில்லை. நடத்தலாமா என்று எனக்கும்தான் ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்வானேன்.

நிகில் முன்கூட்டியே வந்து கொடைக்கானலில் தங்கியிருந்தான். ரெண்டு பேரும் பேத்துப்பாறைக்குப் போனோம்.

சாயங்காலம் அடக்கம். ரோட்டில் மண் சரிந்து, கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டிய வண்டி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. காத்திருந்து பார்த்துவிட்டு, அண்ணனின் மினி வேனிலேயே கொண்டுபோய்விடலாம் என்றார் மெர்சி அக்கா.

தார்ப்பாயை விலக்கினோம். வேன் நிறைய பாக்ஸ்.

"சனிக்கிழமைக்குத்தான். மழை பெய்ஞ்சா பூண்டி ரோடு மோசமாயிரும்னு நேத்தே ஏத்திக் கட்டிட்டாங்க" என்றார் அக்கா.

நிகிலும் நானும் கயிற்றை அவிழ்த்தோம். நல்ல இறுக்கமான முடிச்சு. பாக்ஸை ஒவ்வொன்றாக இறக்கி வாசல் ஓரமாக அடுக்கினோம். அப்புறம் அண்ணனை ஏற்றினோம்.

சனிக்கிழமை கச்சேரி கிடையாது. தயவுசெய்து போன் பண்ணிக் கேட்க வேண்டாம்.

போயிட்டு வாங்கண்ணே...