படங்கு கட்டிய கார்

என் மனைவி காருக்குள் இருந்தாள். நான் இருபது அடி தள்ளி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றேன். பானட்டிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்பியதும், "பத்திக்கிச்சு, பத்திக்கிச்சு" என்று கத்திக்கொண்டு ஓடியது நான்தான். அவள் நிதானமாக பெல்ட்டைக் கழற்றி, வகுப்புப் பிள்ளைகளின் திருத்திய கொப்பிகளை எடுத்துக்கொண்டு, குடையை விரித்து இறங்கினாள்.

"அது ஆவிங்க. நெருப்புன்னா கருகுற வாடை வராதா?"

மிச்சமிருந்த ஒன்றரை மைலையும் நடந்தே, தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வட்டகொடையிலிருந்து மேலே ஏறும் அந்தத் தோட்டத்து ரோட்டில் பஸ் கிடையாது. அவளுக்கு முழங்காலில் தேய்மானம். ஏற்றம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், நாலு கை மாறிய இந்தக் காரை வாங்கினோம். கார் ஏறாவிட்டால் அவள் வேலையை விட வேண்டும், இல்லையென்றால் முழங்காலை விட வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று அவள் போவதைப் பார்த்து எனக்குக் கோபம் தலைக்கேறியது. நியாயமாக அது என் மேல்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் தன்னைத் தானே திட்டிக்கொள்வதில் சுவாரசியம் இல்லை. வேறு ஆளைத் தேடினேன்.

முதலில் அகப்பட்டவர் கராஜ்காரர். பானட்டைத் திறந்தார், அரை நிமிடம் பார்த்தார், மூடினார்.

"ஹெட் கேஸ்கட் போயிருச்சுண்ணே. எஞ்சின எறக்கணும். விட்டுட்டுப் போங்க, ஒரு மாசம் ஆகும்."

"தொட்டுக்கூடப் பாக்கலையே தம்பி."

"டாக்டருங்க மொகத்தப் பாத்தே சொல்றதில்லையா?"

அந்தப் பதிலைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சபதம் வேறு. ஸ்பேனரைப் பிடித்து ஜன்மத்தில் ஒரு சைக்கிளைக்கூடக் கழற்றாதவனின் சபதம். போனில் வீடியோ பார்த்து ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். கொதித்தது. தண்ணீர்க் குழாயை மாற்றினேன். இன்னும் நன்றாகக் கொதித்தது. இப்படியே மூன்று வாரம் போனது. மூன்று வாரமும் அவள் நடந்தாள்.

ஒன்றை மட்டும் கவனித்திருந்தேன். ஏற்றத்தில் சிவப்பைத் தொடும் சூட்டு முள், இறக்கத்தில் அடியோடு படுத்துவிடும். கேஸ்கட் போயிருந்தால் எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்து பால்தேநீர் மாதிரி இருக்கும் என்றது வீடியோ. எண்ணெய் அளக்கிற குச்சியை இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் சுத்தம். அப்படியானால் அந்தத் தம்பி முகத்தைப் பார்த்துச் சொன்னது என் முகத்தைத்தான் போலும். ஏமாறுகிற முகம்.

ஒரு சனிக்கிழமை காலை, முன்பக்கத்துக் கிரில்லைக் கழற்றினேன். ரேடியேட்டரைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ இறுக்கிக் கட்டியிருந்தது. கயிற்றை அறுத்து இழுத்தேன். படங்கு. ஈரச் செடிக்குள் இறங்கிக் கொழுந்து பறிக்கிற பெண்கள் நனையாமலிருக்க இடுப்பைச் சுற்றித் தார்ப்பாய் மாதிரிக் கட்டுவார்களே, அதே படங்கு. காற்றுப் படாமல் காருக்கு இடுப்பில் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

விற்றவருக்கு போன் அடித்தேன். ஹட்டனில் மரியாதையான மனுஷன், வெள்ளைச் சட்டை.

"அதுவாண்ணே? குளிருக்குக் கட்டுனது. கட்டலன்னா எஞ்சின் சூடேறாது. உள்ள அந்த வால்வு இல்லையே."

"எந்த வால்வு?"

"தெர்மோஸ்டாட்டு. எஞ்சின் சூடேறுற வரைக்கும் தண்ணிய நிறுத்தி வைக்குமே, அது. கொழும்புக்காரன் கழட்டிப் போட்டுத்தான் எனக்கு வித்தான். சூட்டு நாட்டுக்கு அது தேவையில்லையாம்."

"நுவரெலியாப் பக்கம் புல்லு மேல பனி உறையுதுங்க. இது சூட்டு நாடா?"

"அதுக்குத்தானே படங்கு கட்டுனேன்."

"என்கிட்ட சொன்னீங்களா?"

"நீங்க கேட்டீங்களா?"

போனை வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த வசவுகளைத் தமிழில் முடித்து, சிங்களத்துக்கு மாறினேன். மனைவி வந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாள்.

புது வால்வு வாங்கி வந்தேன். அது உட்காரும் இடத்து மூடியில் இரண்டே போல்ட். ஒன்று உடனே வந்தது. துருப்பிடித்த மற்றதோடு இரண்டு மணி நேரம் சண்டை. விரல் தோல் உரிந்தது. உள்ளே பார்த்தால், விற்றவர் சொன்னது சரி, வெறும் பொந்து. வால்வைப் பொருத்தி, தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஓட விட்டேன். எங்கோ சொட்டும் சத்தம் கேட்டதும் என் கால்கள் தாமாகவே பின்வாங்கின. கூரைத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் கொப்பிகளோடு ஏறி உட்கார்ந்தாள். முதல் வளைவு, கோயில் வளைவு, பழைய லயத்து வீட்டு வரிசைக்கு மேலே உள்ள செங்குத்து.

"முள்ளு நடுவுலயே நிக்குது பாரு."

"நீங்க ரோட்டப் பாருங்க."

பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது காலை ஊன்றிவிட்டு, ஒரு கணம் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்படிப் பிடிக்க மாட்டாள். பிறகு வலது காலை லேசாக இழுத்தபடி வகுப்புக்குள் போனாள்.

கார் சரியாகிவிட்டது. அதற்காக ஒருவனுக்கும் நான் நன்றி சொல்லப்போவதில்லை. ஒருவன் கழற்றினான், ஒருவன் கட்டி மறைத்தான், ஒருவன் தொட்டுக்கூடப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னான். நான் கிரில்லைக் கழற்ற மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். நாலு ஆம்பிளைகளின் லட்சணத்துக்கு அந்த ஏற்றத்தை ஏறியது அவளுடைய முழங்கால்.