படகுக்குள் தண்ணீர்

மாகறல் செய்யாற்றுத் துறையில் படகு ஓட்டிய பழனியைக் கோபக்காரன் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கோபப்படாமல் அவன் வேறு என்ன செய்வான்? வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆற்றில் மணல்தான். ஐப்பசியில் வெள்ளம் வந்தால் மட்டும், காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்க அக்கரையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அவன் திடீரென்று சொந்தக்காரன் ஆகிவிடுவான். தண்ணீர் வடிந்ததும் படகில் வறட்டி அடுக்குவார்கள், வைக்கோல் திணிப்பார்கள், ஆட்டைக் கட்டுவார்கள். கேட்டால், "சும்மாதானே கெடக்குது" என்பார்கள்.

சும்மா கிடந்த லட்சணம் எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில் தெரிந்தது. ஈர வைக்கோலை வழித்துப் போட்டுவிட்டு அடிப்பலகையில் உளியை வைத்தால், கேழ்வரகுக் களியில் இறங்குவது போல் இறங்கியது. படகு பஞ்சாயத்து யூனியனுடையது. ஓவர்சியர் வந்து பார்த்து, "ஆடிக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா வெறகுக்கு ஏலம் விட்டுடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பழனிக்கு நிலம் கிடையாது. தறியில் உட்காரத் தெரியாது. படகு போனால் பிழைப்பும் போயிற்று.

மக்கின மரத்தை, நல்ல மரம் தென்படும்வரை வெட்டியெடுத்தான். வாலாஜாபாத்திலிருந்து இலுப்பைப் பலகை கொண்டுவந்து பொருத்தினான். இடுக்குகளில் தேங்காய் நாரைத் திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினான். வெளிப்பக்கத்தைச் சுரண்டி நீலப் பெயிண்ட் அடித்தான். விடிந்து பார்த்தால், காயாத பெயிண்டில் யாரோ கட்சிச் சின்னம் வரைந்து வைத்திருந்தார்கள். அதைச் சுரண்டி மறுபடி அடித்தான். மறுநாள் எதிர்க்கட்சிச் சின்னம். இன்னொரு முறை அடித்துவிட்டு, படகு பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டான்.

வெயிலில் சுருங்கின பலகை தண்ணீரில் ஊறி உப்பினால்தான் இடுக்கு அடையும். ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் படகுக்குள்தான் ஊற்ற வேண்டும். உள்ளே ஊற்றினது வெளியே கசியாவிட்டால், வெளியே இருப்பதும் உள்ளே வராது. மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாகச் சுமந்து, முட்டுக்கட்டைமேல் நின்ற படகை நிரப்பினான். தோள் கன்றிப்போயிற்று.

மறுநாள் அவனுடைய பெரியப்பா மருமகள் எல்லம்மாள் அதில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இது படகு."

"நான் இன்னா மாட்டுவண்டின்னா சொன்னேன்? தண்ணி சும்மாதானே இருக்குது."

அன்றைக்குக் கத்தினான். அதற்கப்புறம் தினமும் கத்தினான். அவள் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தாள். நீலப் பெயிண்ட் தெரியாத அளவுக்கு விளிம்பெல்லாம் சேலை காய்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஓவர்சியர் வந்து நின்றார்.

"ஒரு வாரமா தண்ணி ஊத்தி வெச்சிக்கினு இருக்கேன் சார். ஒழுவல" என்றான் பழனி.

"காலையில ஊத்திட்டு ஒரு வாரம்னா நான் நம்பணுமா? மெதக்க விட்டுக் காட்டு, கையெழுத்துப் போடறேன்."

பழனி மணலைப் பார்த்தான். எதில் மிதக்க விடுவது? இத்தனை பாடும் விறகுக்குத்தான் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

பழனிமேல் புகார் சொல்ல இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று எல்லம்மாள் ஈரக் கையோடு முன்னால் வந்தாள்.

"நீங்களே கேளுங்க சார். போன வெள்ளிக்கெழம தொவச்ச சோப்புத் தண்ணி இன்னும் அப்பிடியே நிக்குது. நாறுது. ஒரு சொட்டு வெளிய போவ மாட்டேங்குது. அடியில சின்னதா ஒரு ஓட்ட போட்டுக் குடுன்னா, எம்மேல பாஞ்சிக்கினு வர்றான்."

ஓவர்சியர் குனிந்து படகுக்கு அடியில் கை விட்டு மணலை அள்ளினார். காய்ந்த மணல் விரலிடுக்கில் உதிர்ந்தது. நிமிர்ந்து, படகுக்குள் எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டார். காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லம்மாளுக்குக் கோபம் அடங்கவில்லை.

"அவரும் கேக்கல பாரு. அப்ப ஓட்டைக்கு இன்னாதான் வழி?"

பழனி காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு, பக்கெட்டை எடுத்து நாறின தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே கொட்டினான். கடைசியில் குடத்தைத் தோளில் தூக்கினான்.

"இரு அண்ணி. நல்ல தண்ணி எடுத்தாறேன்" என்றான்.